பிளஸ் ஒன் மாணவிக்கு இயற்பியல் செய்முறைப் பயிற்சி: எங்கிருந்து தொடங்குவது?

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். கல்லூரியில் இயற்பியல்தான் எடுப்பேன் என்கிறாள். பள்ளியிலோ செய்முறைத் தேர்வு நெருங்கும்போதுதான் ஆய்வகத்தைத் திறக்கிறார்கள். விடை முன்கூட்டியே தெரிந்திருப்பதால் அதற்குப் பொருந்தும் எண்களை ரெக்கார்டு நோட்டில் எழுதிவிடுகிறார்கள். அறிவியல் கிட் வாங்கித் தரலாமா, அல்லது சென்னைக்குப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டுமா?"

இரண்டுமே இப்போதைக்குத் தேவையில்லை. விலைக்கு விற்கும் கிட்களில் பெரும்பாலானவை பொருத்தினால் இயங்கும், விளக்கு எரியும், அத்தோடு முடிந்துவிடும். இயற்பியலில் கை பழகுவது என்றால் ஒரு பொருளை அளந்து, அந்த அளவு எவ்வளவு பிசகியிருக்கக்கூடும் என்பதையும் சொல்லப் பழகுவதாகும். பிளஸ் டூவில் செய்முறைக்கு உரிய 20 மதிப்பெண்ணை விடையை எழுதியே வாங்கிவிடலாம். ஆனால் பிழையைக் கணக்கிடத் தெரியாமல் கல்லூரி ஆய்வகத்துக்குள் போகும் மாணவர்கள் அங்கே திணறுவதைப் பார்க்கிறேன்.

உங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் கூரை உயரம், உத்தரங்கள் உறுதியானவை. புவியீர்ப்பு முடுக்கத்தை ஊசலால் அளப்பதிலிருந்து தொடங்கலாம். வளவில் (வீட்டின் நடுமுற்றத்தில்) ஓர் உத்தரத்திலிருந்து கொத்தனாரின் தூக்குக் குண்டை நான்கு மீட்டர் நீளத்துக்குத் தொங்கவிடச் சொல்லுங்கள். மேல்முனையில் நூலை முடிச்சுப் போட்டுக் கட்டினால் ஊசல் எந்தப் புள்ளியிலிருந்து ஆடுகிறது என்பது தெளிவாக இராது. இரண்டு மரச்சட்டங்களுக்கு இடையில் இறுகப் பிடிக்க வேண்டும். குண்டு தொங்கும் நிலையிலேயே, பிடித்த இடம் முதல் குண்டின் ஈர்ப்பு மையம் வரை நீளத்தை அளக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஐந்து டிகிரிக்கு மிகாமல் விலக்கி, தள்ளாமல் விட வேண்டும். குண்டு நடுப்புள்ளியைக் கடக்கும்போதுதான் அதன் வேகம் அதிகம் என்பதால் அந்தக் கணத்தில் கடிகாரத்தைத் தொடங்குவது நல்லது. எண்ணிக்கையைப் 'பூஜ்யம்' என்றுதான் தொடங்க வேண்டும். 'ஒன்று' என்று தொடங்கினால் ஓர் அலைவு காணாமல் போகும், 50 அலைவுகளில் அந்த ஒன்று புவியீர்ப்பு முடுக்கத்தில் 4 சதவீதப் பிழையாக வந்து நிற்கும்.

நான்கு மீட்டர் எதற்கு என்று உங்கள் மகள் கேட்பாள், கேட்க வேண்டும். பாடப்புத்தகம் 9.8 என்று சொல்லும் மதிப்பு லண்டனில் சுமார் 9.81 ஆகவும், நிலநடுக்கோட்டுக்கு நெருங்கிய காரைக்குடியில் சுமார் 9.78 ஆகவும் இருக்கும். ஒரு மீட்டர் ஊசலில் 50 அலைவுகளை எண்ணினால் இந்த இரண்டு மதிப்புகளுக்கும் இடையே வரும் நேர வித்தியாசம் ஏறத்தாழ 0.15 விநாடிதான்; பொத்தானை அழுத்தும் விரலின் தாமதமே அதை விழுங்கிவிடும். நான்கு மீட்டரில் 100 அலைவுகளுக்கு அது 0.6 விநாடியாகிறது. அளவீட்டைப் பலமுறை எடுத்து, அவற்றின் சிதறலைப் பார்த்து, "என் ஊரின் மதிப்பு 9.81 அல்ல என்று என்னால் சொல்ல முடிகிறதா?" என்ற கேள்விக்கு அவளே பதில் எழுதட்டும். "முடியவில்லை, ஏனென்றால்..." என்று காரணத்தோடு எழுதினாலும் அது முழுமையான ஆய்வுதான்.

அடுத்ததாக ஒலியின் வேகம். ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி கைப்பேசியின் உணரிகளை அளவுகோல்களாக மாற்றிக் கொடுக்கிறது. ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவானது. அதிலுள்ள ஒலிக் கடிகாரத்தை இரண்டு பேசிகளில் திறந்து, ஒன்றை முகப்பிலும் மற்றொன்றை 30 மீட்டர் தள்ளிப் பின்கட்டிலும் வைத்து, இடையிலுள்ள கதவுகளைத் திறந்துவிட வேண்டும். முகப்பில் ஒருவர் கைதட்டினால் இரண்டும் ஓடத் தொடங்கும். பின்கட்டில் மற்றவர் தட்டினால் நிற்கும். இரு பேசிகளும் காட்டும் நேரங்களின் வித்தியாசம், ஒலி 60 மீட்டர் (போக 30, வர 30) கடக்க எடுக்கும் நேரமாகும். 32 டிகிரி வெப்பத்தில் வேகம் விநாடிக்கு 351 மீட்டரை ஒட்டி வர வேண்டும். புத்தகத்தின் 343 என்பது 20 டிகிரிக்கு உரியது. வளவின் எதிரொலி குழப்பினால் கண்மாய்க் கரைக்குப் போய்விடுங்கள்.

வாங்குவதென்றால் ஒரு மல்டிமீட்டர், சிறு நீளங்களைத் துல்லியமாக அளக்க ஒரு வெர்னியர் அளவி, சில மின்கலங்கள் போதும். வீட்டு மின் இணைப்பில் எந்தச் சோதனையும் கூடாது.

உங்கள் ஊருக்கு மிகப் பொருத்தமான சோதனை இன்னொன்று உண்டு. மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் இரண்டு செப்புத் தகடுகளை வைத்து அரை ஆம்பியர் மின்சாரத்தை ஒரு மணி நேரம் செலுத்தினால், எதிர்மின் தகட்டில் ஏறத்தாழ 0.59 கிராம் செம்பு படியும். நகைப் பட்டறைத் தராசில் முன்னும் பின்னும் எடை போட்டுச் சரிபார்க்கலாம். மயில்துத்தம் நச்சு. கையுறை அவசியம், சமையல் பாத்திரம் கூடாது, கரைசலைக் கிணற்றிலோ ஊருணியிலோ ஊற்றாமல் புட்டியில் அடைத்துப் பெயரெழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இதைப் பரிந்துரைப்பதற்குக் காரணம், அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்து, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உங்கள் பக்கத்திலேயே இருப்பதுதான். அதன் தாய் அமைப்பான அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் (சி.எஸ்.ஐ.ஆர்.) நிறுவன நாளான செப்டம்பர் 26ஐ ஒட்டி அதன் ஆய்வகங்கள் மாணவர்களுக்குத் திறந்துவிடப்படுவது வழக்கம். பள்ளி மாணவர்களை விஞ்ஞானிகளோடு இணைக்கும் ஜிக்யாசா திட்டமும் 2017 முதல் நடக்கிறது. பள்ளித் தலைமையாசிரியர் வழியாக முறைப்படி விண்ணப்பியுங்கள். "ஆர்வம் உண்டு" என்று மட்டும் எழுதும் கடிதங்கள் எங்கும் குவிந்து கிடக்கின்றன. இரண்டு பக்க அளவீடுகளையும், "தகட்டில் 0.59க்குப் பதில் 0.54தான் வந்தது, படிந்த செம்பு உதிர்ந்ததா?" என்பது போன்ற ஒரு குறிப்பான கேள்வியையும் இணைத்தால் படிப்பவர் நின்று படிப்பார். அழகப்பா பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கும் இதே முறையில் எழுதலாம்.

போட்டிகளில் இரண்டைச் சொல்வேன். இந்திய இயற்பியல் ஆசிரியர்கள் சங்கம் நவம்பரில் நடத்தும் தேசியத் தரத் தேர்வு ஒலிம்பியாடுக்கு முதற்படி; சர்வதேச ஒலிம்பியாடில் 50 மதிப்பெண்ணில் 20 செய்முறைக்கு உரியது. அதே சங்கத்தின் அன்வேஷிகா அமைப்பு நடத்தும் செய்முறைத் திறன் தேர்வு உங்கள் மகளுக்கு இன்னும் நெருக்கமானது. இதை முதலில் முயலட்டும்.

நீட், ஜே.இ.இ. வகுப்புகளுக்கு இடையில் நேரம் ஏது என்று நீங்கள் யோசிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் போதும். அளவுகளை ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டாம். தனி நோட்டில், பேனாவால், அந்த நேரத்திலேயே எழுத வேண்டும். தவறான அளவை ஒரே கோட்டில் அடிக்கலாம், அழிக்கக் கூடாது. ஊசலை மட்டும் முதல் மாதம் முழுவதும் செய்யட்டும். மற்றவற்றை அதற்குப் பிறகு தொடலாம்.