எல்டன் டீனின் ரேடியோ பதிவு: எதை நம்பி வாங்கலாம்?

கேள்வி: சாஃப்ட் மெஷின் என்ற பிரிட்டிஷ் ஜாஸ்-ராக் குழுவைக் கேட்டு எல்டன் டீனின் சாக்ஸஃபோன் பிடித்துப்போனது. அவருடைய நைன்சென்ஸ் குழு பிபிசியில் வாசித்தது என்று நண்பர் ஒரு கோப்பு தந்தார், ஒரே இரைச்சல். நல்ல பதிவு கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஹக்ஸ் நிறுவனம் 2003இல் 'லைவ் அட் த பிபிசி' என்று ஒரு சிடி போட்டது. நைன்சென்ஸ் எழுபதுகளில் பிபிசிக்காக வாசித்தவை அதில் இருக்கின்றன. தேடும்போது குழுவின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். வெறும் எல்டன் என்றால் பாப் பாடகர் எல்டன் ஜான்தான் வந்து நிற்பார். (ப்ளூசாலஜி குழுவில் தன்னோடு வாசித்த இந்த டீனிடமிருந்துதான் அவர் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார்.)

நண்பரின் கோப்பு, அன்று யாரோ ஒரு நேயர் வானொலியிலிருந்து கேசட்டில் பிடித்ததாக இருக்கலாம். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் திறந்து ஸ்பெக்ட்ரோகிராமாக, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படமாகப் பாருங்கள். எஃப்எம் ஸ்டீரியோ ஒலிபரப்பில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இசை வராது. 19இல் பைலட் டோன் (ஸ்டீரியோ என்று ரேடியோவுக்குச் சொல்லும் சிக்னல்) மட்டும் போகும். படம் 15இல் வெட்டினாற்போல் நின்று, 19இல் மெல்லிய கோடு ஒன்று ஓடினால், காற்றில் வந்ததைப் பிடித்திருக்கிறார்கள். கோடு இல்லை என்பதற்காக மாஸ்டர் டேப் (ஸ்டூடியோவின் மூலப் பதிவு) என்று நம்பிவிடாதீர்கள். பல கேசட் ரெக்கார்டர்களில் அதை வடிகட்டவே ஃபில்டர் உண்டு. 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினாலும் 16க்கு மேல், அந்தக் கோடு உட்பட, எல்லாம் போய்விடும்.

அதற்காக அந்தக் கோப்பை அழித்துவிடவும் வேண்டாம். இசைத்தட்டு ஒலிபரப்ப பிபிசிக்கு அப்போது நேரக் கட்டுப்பாடு இருந்தது; அதனால் குழுக்களை ஸ்டூடியோவுக்கு அழைத்து நிறைய வாசிக்க வைத்தார்கள். அப்படி எடுத்த டேப்புகளில் பலவற்றை அழித்து மறுபடி பயன்படுத்தியும் விட்டார்கள். சில நிகழ்ச்சிகளுக்கு நேயர் பிடித்த கேசட்தான் மிச்சம்.

சரி, ரேடியோ பதிவு மட்டும் போதுமா? போதாது என்பேன். நைன்சென்ஸில் பாஸ் வாசித்த ஹாரி மில்லரும் அவர் மனைவி ஹேசலும் நடத்திய ஓகுன் என்ற இசை வெளியீட்டு லேபிள், இதே குழுவின் 'ஓ! ஃபார் த எட்ஜ்' ஆல்பத்தை வெளியிட்டது. 1976இல் லண்டன் 100 கிளப்பில் எடுத்தது. கூட்டத்துக்கு முன்னால் லூயிஸ் மோஹோலோ டிரம்ஸில் ஏறி அடிப்பதை அதில்தான் கேட்க வேண்டும். ஆனால் அதிலேயே ஆரம்பித்தால் யார் எதை வாசிக்கிறார் என்று குழம்பும். முதலில் பிபிசி சிடி. டீனின் சாக்செல்லோ (சோப்ரானோ வகை சாக்ஸஃபோன்) எது, ஆலன் ஸ்கிட்மோரின் டெனர் சாக்ஸஃபோன் எது என்று காது பிரித்துக்கொண்டதும் கிளப் பதிவுக்குப் போங்கள்.