அஞ்சு வருஷ பிளானை நம்பி வீட்டுப் பத்திரத்த குடுக்கலாமா?

கேள்வி: அண்ணா, நாங்க கோயம்புத்தூர். வீட்டுக்காரர் ஸ்கூல் பேக், ரெயின்கோட் தைக்கிற யூனிட் வெச்சிருக்கார், 22 பேர் வேலை பாக்கறாங்க. அவரோட சித்தப்பா பையன் டெல்லியில ஒரு மத்தியப் படையோட தலைமை ஆபீஸ்ல கிளார்க். "எங்க அடுத்த அஞ்சு வருஷ பிளான்ல 30 ஆயிரம் புல்லட் புரூஃப் ஜாக்கெட் இருக்கு, இப்பவே மெஷின் போட்டு ரெடியா இருந்தீங்கன்னா ஆர்டர் உங்களுக்குத்தான்"னு சொல்லியிருக்கார். ஹைட்ராலிக் பிரஸ், மத்ததெல்லாம் சேத்து ஒன்றரைக் கோடி ஆகுமாம். எங்கப்பா எனக்கு எழுதிக் குடுத்த வீட்ட வெச்சு லோன் எடுக்கலாம்ங்கறார். கம்பெனிய எம் பேருக்கு மாத்தினா பெண்கள் கோட்டாவும் வருமாம். "ஸ்பெக்க (ஜாக்கெட் எப்படி இருக்கணும்ங்கற விவரத்த) நமக்கு ஏத்த மாதிரி எழுத வைக்க" தனியா 3 லட்சம் வேணுமாம். நான் தயங்கினா "உனக்கு பிசினஸ் தெரியாது"ன்னு ஒரே பேச்சு. என்ன பண்ணட்டும்?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: தங்கச்சி, முதல்ல பத்திரத்த பீரோல வெச்சுப் பூட்டுங்க, மீதிய அப்புறம் பேசலாம்.

உங்க வீட்டுக்காரர் மேல எனக்குக் கோவம் இல்ல. அவர் கேள்விப்பட்டது பொய்யாவும் இருக்காது. பிளான்ல 30 ஆயிரம்னு ஒரு வரி நிஜமாவே இருக்கலாம். ஆனா அந்த வரி எப்படி அங்க வந்து உக்காந்துச்சுங்கறது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், ஏன்னா அந்த மாதிரி வரிய டைப் அடிச்சுத்தான் 20 வருஷத்துக்கு மேல சம்பளம் வாங்கினேன். எந்தப் படைன்னு கேக்காதீங்க, பென்ஷன் வாங்கிட்டு இருக்கேன்.

மேல இருந்து லெட்டர் வரும், அஞ்சு வருஷத்துக்கு என்னென்ன வேணும்னு சொல்லுங்கன்னு, பெரும்பாலும் பத்து நாள் டைம். ஒவ்வொரு பட்டாலியனும் பதில் அனுப்பும். நூறு வேணும்னா நூறுன்னு எழுத மாட்டோம், எப்படியும் மேல போய் பாதியா வெட்டுவாங்கன்னு தெரியும், அதனால 180ன்னு எழுதுவோம். மேல இருக்கறவரும் கீழ இருந்துதான் வந்திருக்கார், இவனுங்க ஏத்தித்தான் எழுதியிருப்பானுங்கன்னு அவருக்கும் தெரியும், கண்ண மூடிட்டு நாப்பது பர்சென்ட் வெட்டுவார். கடைசியா பிளான்ல ஏறுற நம்பர் யாருமே எண்ணிப் பாக்காத நம்பர். ஒரு தடவை நானே ஒரு பக்கத்துல கூட்டல் தப்பு பண்ணி, அது அப்படியே மூணு வருஷம் பிளான்லயே ஓடிச்சு, ஒருத்தரும் கண்டுக்கல. அதுதான் இப்ப உங்க வீட்டுக்குக் குறி வெச்சிருக்கற நம்பரோட பூர்வீகம்.

சரி, மொத்தப் பணத்தையாவது நம்பலாமான்னா அதுவும் ஏத்த எறக்கம்தான். மத்திய ஆயுதப்படைங்க எல்லாத்துக்கும் சேத்து உள்துறை அமைச்சகம் நவீனமயமாக்கல் திட்டம்னு ஒன்னு போடும். 2012ல இருந்து 2017 வரைக்கும் போட்ட ரெண்டாவது திட்டத்துக்கு சுமார் 11,009 கோடி ரூபாய்னு அறிவிச்சாங்க. அதுக்கடுத்தது 2018ல இருந்து 2020 வரைக்கும், 1,053 கோடி. நாலாவது திட்டம் 2022 பிப்ரவரியில இருந்து 2026 மார்ச் வரைக்கும், 1,523 கோடி. வருஷக் கணக்கு வேற வேறதான், இருந்தாலும் 11 ஆயிரத்துல இருந்து ஆயிரத்துச் சொச்சத்துக்கு எறங்குறத பாருங்க. ஒரு திட்டத்தோட சைஸ வெச்சு அடுத்தது இவ்வளவு இருக்கும்னு கணக்குப் போட்டவன் கதி என்ன ஆகியிருக்கும்? அதுவும் அந்த 1,523 கோடி ஆயுதம், வண்டி, தகவல் தொடர்பு, கண்காணிப்புக் கருவி எல்லாத்துக்கும் சேத்து, எல்லாப் படைக்கும் பங்கு. அதுல ஜாக்கெட்டுக்கு எவ்வளவு வரும்னு நீங்களே யோசிங்க.

பிளான்ல பேர் இருக்கறது கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போற லிஸ்ட்ல பேர் இருக்கற மாதிரி. அதுக்கப்புறம் எவ்வளவு இருக்கு! நிர்வாக ஒப்புதல் வேணும், அந்த வருஷ பட்ஜெட்ல பணம் வேணும், க்யூஆர்னு சொல்ற தரத் தேவைப் பட்டியல் இறுதியாகணும், டெண்டர் வரணும், டெக்னிக்கல் கமிட்டி உக்காரணும், ட்ரையல் போர்டு சுட்டுப் பாக்கணும், பாஸான கம்பெனிங்களோட விலைய மட்டும் பிரிச்சுப் பாத்து குறைஞ்ச விலைக்காரன் யாருன்னு முடிவாகணும், அப்புறம்தான் சப்ளை ஆர்டர். நடுவுல ஒரு ஆபீசர் மாறினா ஃபைல் ஆறு மாசம் தூங்கும். புதுசா வர்றவர் முதல் நாளே கேக்குற கேள்வி "இந்த ஸ்பெக் ஏன் இப்படி இருக்கு?"

உங்க வீட்டுக்காரர் ஆசைப்படற அதே ஜாக்கெட் கதையவே சொல்றேன். ராணுவத்துக்கு 1,86,138 புல்லட் புரூஃப் ஜாக்கெட் வாங்கலாம்னு 2009லயே முடிவாச்சு. டெண்டர் போச்சு, ட்ரையல்ல தேறல, மறுபடியும் ஆரம்பிச்சாங்க, இடையில சமாளிக்க 2016ல 50 ஆயிரம் ஜாக்கெட் தனியா வாங்கினாங்க. பெரிய ஆர்டர் கையெழுத்தானது 2018ல, 639 கோடிக்கு, சப்ளை பண்ண மூணு வருஷம் டைம். 2009ல ஒருத்தர் இந்தச் செய்திய நம்பி லோன் போட்டு மெஷின் வாங்கியிருந்தா ஒன்பது வருஷம் வட்டி கட்டியிருப்பார், அதுவும் ஆர்டர் வேற ஒருத்தருக்குப் போறத பாக்கறதுக்கு.

நம்ம ஊர்லதான் இப்படின்னு நெனைக்காதீங்க. அமெரிக்காவுல ஏர்போர்ட் செக்யூரிட்டி பாக்கற டிஎஸ்ஏ, பயணி மேல புஸ்ஸுன்னு காத்து அடிச்சு வெடிமருந்துத் துகள் இருக்கான்னு மோப்பம் பிடிக்கிற மெஷின் 207 வாங்கினாங்க. அதுல 101 மட்டும்தான் 36 ஏர்போர்ட்டுக்குப் போச்சு, மீதி குடோன்ல. போனதும் தூசியிலயும் ஈரப்பதத்துலயும் மக்கர் பண்ணி கடைசியில எல்லாத்தையும் தூக்கிட்டாங்க. அப்புறம் 2014ல சட்டமே போட்டாங்க, டிஎஸ்ஏ அஞ்சு வருஷ டெக்னாலஜி வாங்கல் பிளான வெளிப்படையா வெளியிடணும்னு. நல்ல விஷயம்தான், செய்யற கம்பெனிக்கு முன்கூட்டியே தெரியும். ஆனாலும் இப்ப கைப்பைய முப்பரிமாணத்துல காட்டுற சிடி ஸ்கேனர் எல்லா செக்பாயிண்ட்லயும் வைக்க, வர்ற பணத்த வெச்சுப் பாத்தா 2040க்கு மேல ஆகும்னு அவங்களே சொல்றாங்க. அவ்வளவு பணக்கார நாட்டுலயே பிளானுக்கும் பொருளுக்கும் நடுவுல இவ்வளவு தூரம்.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. பல வருஷம் அசையாத ஃபைல் ஜனவரியில திடீர்னு ஓட ஆரம்பிக்கும், ஏன்னா மார்ச் 31க்குள்ள பணத்த செலவழிக்கலன்னா காலாவதி. கடைசி மூணு மாசத்துல 33 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது, மார்ச்ல 15 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுன்னு நிதி அமைச்சகம் சொல்லியிருக்கு, பொது நிதி விதியிலயும் இந்த மாதிரி அவசரச் செலவு நிதி ஒழுக்கத்த மீறுறதுன்னே எழுதியிருக்கு. எழுதியிருக்கு, அவ்வளவுதான் சொல்வேன். அதனால ஆர்டர் வர்றப்போ திடுதிப்புன்னு வரும், டெலிவரி தேதி கழுத்தப் பிடிக்கும், லேட்டானா வழக்கமா வாரத்துக்கு அரை சதவீதம் பிடிப்பாங்க. மூணு வருஷம் சும்மா கிடந்த பிரஸ் அந்த வாரம்தான் ரிப்பேர் ஆகும்.

அடுத்து, உங்க யூனிட்டால அந்த ஜாக்கெட் பண்ண முடியுமா? தையல் பண்றது ஜாக்கெட்டோட வெளி உறை. உயிரக் காப்பாத்துறது உள்ள இருக்கற பேனல். அதுக்கு ஐஎஸ் 17051ன்னு 2018ல இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஸ்டாண்டர்டு போட்டிருக்கு, எந்தத் துப்பாக்கி எந்தத் தோட்டாங்கறத வெச்சு லெவல் லெவலா பிரிச்சிருக்காங்க. பேனல சுட்டுத்தான் டெஸ்ட் பண்ணுவாங்க, சுட்ட சாம்பிள் குப்பைக்கு, அந்தச் செலவு பொதுவா உங்களுது. சிறு நிறுவனங்களுக்கு முன் அனுபவம், டர்ன்ஓவர் இதுலயெல்லாம் சலுகை உண்டுன்னு யாராவது சொல்லியிருப்பாங்க, அது உண்மைதான், ஆனா அதே உத்தரவுலயே பொதுப் பாதுகாப்பு, முக்கியமான செக்யூரிட்டி கருவி மாதிரி பொருளுக்கு வாங்கற ஆபீஸ் முன் அனுபவம் கேக்கலாம்னும் இருக்கு. நானே அந்தக் கமிட்டியில இருந்தாலும் கேப்பேன். ஸ்கூல் பேக் தச்ச அனுபவத்த வெச்சு ஒரு ஜவானோட நெஞ்சுக்கு முன்னாடி பேனல் வைக்க எனக்கு மனசு வராதும்மா, தப்பா எடுத்துக்காதீங்க.

பெண்கள் கோட்டா விஷயம். மத்திய அரசு ஆபீஸ்கள் வருஷத்துக்கு வாங்கறதுல 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்ககிட்ட வாங்கணும், அதுக்குள்ள 3 சதவீதம் பெண்கள் நடத்துற நிறுவனங்ககிட்டங்கறது நிஜம். டெண்டர் டெபாசிட் கட்ட வேண்டாம், குறைஞ்ச விலைக்கு மேல 15 சதவீதத்துக்குள்ள நீங்க கோட் பண்ணியிருந்து, குறைஞ்ச விலைக்காரர் பெரிய கம்பெனியா இருந்தா, அவர் விலைக்கே எறங்கி வந்து கால்வாசி வரைக்கும் சப்ளை பண்ண வாய்ப்பும் உண்டு. ஆனா 3 சதவீதம்ங்கறது அந்த ஆபீஸோட வருஷ இலக்கு, உங்களுக்கு எழுதிக் குடுத்த பங்கு இல்ல, அதுவும் ட்ரையல்ல பாஸானவங்களுக்குத்தான் பேச்சே. ஆர்டர் கிடைச்சா கட்டற பெர்ஃபார்மன்ஸ் டெபாசிட்டுக்கு இந்த விலக்கு பொருந்தாது. இன்னொன்னு, கம்பெனி உங்க பேருக்கு வந்தா லோனும் உங்க பேரு, சப்ளை தவறினா ரெண்டு வருஷம் வரைக்கும் டெண்டர்ல கலந்துக்க விடாம தள்ளி வைக்கறதும் உங்க பேரு. வீடும் உங்களுது. அவர் பேர்ல என்னதான் மிச்சம் இருக்கும்னு சிரிச்சுக்கிட்டே ஒரு தடவை கேட்டுப் பாருங்க. நீங்களே உக்காந்து நடத்தறதா இருந்தா தாராளமா மாத்துங்க, அது வேற கதை.

அந்த 3 லட்சம். இதுல யோசிக்கவே ஒன்னும் இல்ல. 2018ல ஊழல் தடுப்புச் சட்டத்த திருத்தினப்புறம் குடுக்கறவருக்கும் ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. அதோட ஒரு கிளார்க்கால ஸ்பெக் எழுத வைக்க முடியாது தங்கச்சி, அத எழுதற போர்டுல டீ குடுக்கப் போற சான்ஸ் கிடைச்சாலே பெரிசு. ஆபீஸ் பிளான வெளிய சொன்னதுக்கே அந்தத் தம்பிக்கு வேலை போகலாம். சொந்தக்காரப் பையன், நல்லதுன்னு நெனைச்சுத்தான் சொல்லியிருப்பான், இல்ல அவனுக்கும் மேல ஒரு புரோக்கர் இருப்பான். எதுவா இருந்தாலும் ஒரு ரூபா போகக் கூடாது.

அதுக்காக மொத்தமா வேண்டாம்னு சொல்ல வரல. உள்துறை அமைச்சக வெப்சைட்லயே மத்தியப் படைகளோட க்யூஆர், ட்ரையல் விதிமுறை எல்லாம் போட்டிருக்காங்க, இலவசம், எந்தத் தம்பியும் தேவையில்ல. அத உங்க வீட்டுக்காரர உக்கார வெச்சு ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா படிக்கச் சொல்லுங்க. ஜாக்கெட்ட விட்டுட்டு முதுகுப்பை, ரெயின்கோட், ஸ்லீப்பிங் பேக் இதெல்லாம் தேடச் சொல்லுங்க. இதெல்லாம் ஜவானுக்கு ஆண்டுக்கணக்கு வெச்சுக் குடுக்கற சாமான், இத்தனை பேருக்கு இத்தனைன்னு அனுமதி அளவு இருக்கும், கிழிஞ்சா கண்டெம்னேஷன் போர்டு உக்காந்து கழிக்கும், கழிச்சத திரும்ப வாங்கித்தான் ஆகணும். பிளான் நம்பர் பொய் சொல்லலாம், அனுமதி அளவுல இருந்து கையிருப்பக் கழிச்சா வர்ற பற்றாக்குறை அவ்வளவு சுலபமா பொய் சொல்லாது. அந்த மாதிரி பொருளுக்கு, அரசு ஆபீஸ்கள் ஆன்லைன்ல சாமான் வாங்கற ஜெம் போர்ட்டல்ல சின்னச் சின்ன டெண்டர் வரும், 200, 500ன்னு. இருக்கற 22 பேர், இருக்கற மெஷின்லயே பண்ணலாம். ஒரு வருஷம் பண்ணா கையில சப்ளை ரெக்கார்டு இருக்கும், அரசாங்க பில் எப்படி வருதுங்கற ருசியும் தெரியும். சட்டப்படி சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள்ள பணம் வரணும், வரலன்னா ஆன்லைன்லயே புகார் குடுக்கலாம், ஆனா முதல் ஆர்டரோட பணம் 120 நாள் கழிச்சு வந்தா சம்பளம் போட முடியுமான்னு முதல்லயே கணக்குப் போட்டு வெச்சுக்கோங்க.

ஜாக்கெட்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னா, ஏற்கெனவே பேனல் பண்ணி படைங்களுக்கு சப்ளை பண்ற வடக்கத்திக் கம்பெனிங்களுக்கு வெளி உறை தச்சுக் குடுக்கற வேலைக்கு முயற்சி பண்ணலாம். ட்ரையல், சுடுறது, டெபாசிட் எல்லாம் அவங்க தலைவலி, தையல் உங்களுது. கோவை தமிழ்நாட்டு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துல ஒரு முனை, இங்க இருக்கற சிறுதொழில் சங்கம் கொடிசியாவுலயும் அதுக்குன்னு ஒரு மையம் இருக்கு, அங்க போய் யாரு உறை தைக்க ஆள் தேடறாங்கன்னு கேட்டா பஸ் செலவோட முடியும்.

பேசறப்போ "எனக்கு பயமா இருக்கு"ன்னு ஆரம்பிக்காதீங்க, பயம்ங்கற வார்த்தைய கேட்டதும் ஆம்பளைங்க தைரியம் சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க. ஒரு பேப்பர குடுத்து, இந்த 30 ஆயிரத்துக்கு நிர்வாக ஒப்புதல் ஆச்சா, எந்த வருஷ பட்ஜெட்ல பணம் ஒதுக்கியிருக்கு, க்யூஆர் இறுதியாச்சா, டெண்டர் நம்பர் என்னன்னு எழுதித் தரச் சொல்லுங்க. நாலுக்கும் பதில் வந்தா நானே லோன பத்தி யோசிங்கன்னு சொல்வேன், அப்பவும் வீட்ட வெச்சு இல்ல.

கடிதத்துல ஒன்னு மட்டும் எழுதாம விட்டுட்டீங்க. பேங்க்ல ஏற்கெனவே ஏதாவது பேப்பர்ல கையெழுத்துப் போட்டாச்சா? போட்டிருந்தா எந்தத் தேதியில எதுலன்னு உடனே எழுதுங்க, லோன் பணம் இறங்குறதுக்கு முன்னாடி நிறுத்தறது சுலபம்.