துப்பறியும் தொடரில் உண்மை மனிதர்கள் வரலாமா?

கற்பனைத் துப்பறிவாளரோடு உண்மையில் வாழ்ந்தவர்களை நடமாடவிடுவது வரலாற்றைத் திரிப்பதாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைகள் எதை நம்புவது என்று தெரியாமல் குழம்புவார்களே என்ற கவலையில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தாராளமாக வரலாம், ஆனால் கொலைப் பழிக்கு ஆளாகிறவராக வரக் கூடாது என்பது என் கருத்து.

1890களின் டொராண்டோவில் தொடங்கும் 'மர்டோக் மிஸ்டரீஸ்' என்ற கனடியத் துப்பறியும் தொடரில் இரண்டுக்கும் சான்று உண்டு. 2008இல் வெளிவந்த முதல் அத்தியாயத்தில் மாறு மின்னோட்டத்துக்காக வாதாடிய மின்பொறியாளர் நிகோலா டெஸ்லா வருகிறார். நேர் மின்னோட்டமா, மாறு மின்னோட்டமா என்று அக்காலத்தில் மெய்யாகவே நடந்த போட்டிதான் கொலையின் பின்னணி என்பதால், அவர் வாய் திறந்தாலே கதை நகர்கிறது. வின்ஸ்டன் சர்ச்சில் வரும் அத்தியாயத்திலோ சந்தேகம் அவர் மீதே விழுகிறது. 1900இல் சொற்பொழிவாற்ற அவர் டொராண்டோ சென்றது உண்மைதான். எனினும் பிற்காலத்தில் பிரதமரானவர் தூக்குமேடை ஏறிவிடுவாரோ என்று யார் பதறப்போகிறார்கள்?

கோலாலம்பூரில் வரலாறு கற்பித்தவன் நான். டெஸ்லா அத்தியாயத்தைப் பார்த்த என் மகள், "அப்பா, அந்த நேரத்துல நம்ம ஊர்ல கரண்ட் இருந்துச்சா?" என்று கேட்டாள். 1894லேயே தமிழர் தம்புசாமி பிள்ளையும் சீனத் தொழிலதிபர் லோக் யூவும் கோலாலம்பூருக்கு வடக்கே உள்ள ரவாங்கில் மின்னாக்கி நிறுவி, தங்கள் ஈயச் சுரங்கத்தின் நீரிறைக்கும் பம்புகளை மின்சாரத்தால் இயக்கினார்கள் என்றேன். பிள்ளையின் பெயரைப் பத்துமலைக் கோயிலோடு மட்டுமே கேட்டிருந்த அவள், தேடிப் படித்த பிறகுதான் நம்பினாள்.

அந்தக் காலத்துக் கோலாலம்பூரைப் பற்றிய தொடர் ஒன்றுக்கு ஆலோசனை சொல்ல ஒரு தயாரிப்புக் குழு என்னை அழைத்தபோது, இதைத்தான் எழுதிக் கொடுத்தேன்: சுரங்கத்தில் ஒரு மரணம், விசாரிக்க வரும் கற்பனைப் போலீஸ் அதிகாரிக்கு அந்தப் புதிய இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று விளக்குபவர் பிள்ளை. திருத்தப்பட்டு வந்த கதையில் லோக் யூ இருந்தார், பிள்ளை இல்லை; தமிழர் என்று இருந்தவர் பெயர்கூட இல்லாத ஒரு கங்காணி.

இனப் பற்றால் பேசுகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். இருவரையுமே நீக்கியிருந்தால், அது கதாசிரியரின் உரிமை என்று விட்டிருப்பேன். இருவர் கூடிச் செய்ததை ஒருவர் செய்ததாகக் காட்டுவதே நீங்கள் அஞ்சுகிற திரிப்பு. அதைக் காட்டித்தான், ஆலோசகர் என்று என் பெயரைப் போட வேண்டாம் என அவர்களுக்கு எழுதினேன்.