வெட்டிவேர் நட்டால் குரோமியம் போய்விடுமா?

கேள்வி: ஆம்பூர் அருகே எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. முன்பு டேனரி (தோல் பதனிடும் ஆலை) கழிவுநீர் ஓடிய கால்வாய் அதன் ஓரமாகத்தான் போகிறது. பல வருடங்களாக நெல் சரியாகத் தூர் கட்டுவதில்லை. வெட்டிவேரும் சூரியகாந்தியும் நட்டால் மூன்று வருடத்தில் குரோமியத்தை உறிஞ்சி எடுத்துவிடும், வேரை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்கிறார் ஒருவர். ஏக்கருக்கு 60,000 ரூபாய் கேட்கிறார். நம்பலாமா?

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

செடிகள் உலோகத்தை உறிஞ்சும் என்பது பொய்யில்லை. ஆர்செனிக்கை இலையில் சேர்த்துவைக்கும் பெரணி ஒன்று உண்டு. ஆனால் குரோமியத்தின் குணம் வேறு. டேனரியில் தோலுக்குப் போடும் குரோமியம் தண்ணீரில் எளிதில் கரையாத வடிவத்தில் மண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. கரையாததைச் செடி குடிக்க முடியாது. கொஞ்சம் குடித்தாலும் வேரிலேயே நின்றுவிடும், இலைக்கு ஏறுவது சொற்பம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண் மட்டும் சுமார் 9 லட்சம் கிலோ இருக்கும். கிலோவுக்கு 300 மில்லிகிராம் குரோமியத்தைக் குறைக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், வெளியேற வேண்டியது 270 கிலோ. வருடத்துக்கு 4 டன் காய்ந்த தழை அறுக்கிறீர்கள், அதில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் ஏறியிருக்கிறது என்றே தாராளமாகக் கொள்வோம். வருடம் 200 கிராம்தான் போகும். 270 கிலோவும் போக 1,350 வருடம் ஆகும். மூன்று வருடம் என்கிறவரிடம் இந்தக் கணக்கைக் காட்டி, எங்கே தப்பு என்று கேளுங்கள்.

சூரியகாந்திக் கதை செர்னோபிலிலிருந்து வருகிறது. அங்கே அதை வளர்த்தது குளத்து நீரில், வேர்கள் தண்ணீரில் கரைந்திருந்த கதிரியக்கப் பொருளை இழுத்தன. 2011-இல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு ஜப்பானில் வயல் மண்ணிலேயே நட்டுப் பார்த்தார்கள். அது எடுத்த சீசியம் மிகச் சொற்பம் என்று அந்நாட்டு வேளாண் அமைச்சகமே சொல்லிவிட்டது.

வெட்டிவேரை நான் குறை சொல்லவில்லை. கால்வாய்க் கரையில் வரிசையாக நட்டால் மண்ணை இறுக்கிப் பிடித்து, மழையில் குரோமியத்தோடு அடுத்த வயலுக்கு ஓடாமல் காக்கும். இது பூட்டி வைக்கும் வேலை. அந்த வேலைக்கு வேர் மண்ணுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

அதனால்தான் "வேரை வாங்கிக்கொள்கிறோம்" என்ற பேச்சுதான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது. செடி பிடித்த குரோமியத்தில் பெரும்பகுதி வேரில்தான் இருக்கிறது, அதோடு வேரில் ஒட்டிய மண்ணும் வரும். அது எங்கே போகும்? கோடையில் மண்பானைத் தண்ணீரில் வெட்டிவேர் போடும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. குளியல் பொடியில் அரைக்கிறோம். உங்கள் நிலத்து வேர் எந்தக் கடையில் எந்தப் பொட்டலத்தில் போய்ச் சேரும் என்று யாரும் சோதிக்கப் போவதில்லை. எவ்வளவு விலை சொன்னாலும் அந்த வேரை நிலத்தை விட்டு வெளியே விடாதீர்கள்.

இன்னொரு தந்திரமும் நடக்கிறது. நடுவதற்கு முன் மேல் மண்ணை எடுத்துச் சோதிப்பார்கள். அப்புறம் ஆழச்சால் ஓட்டுவார்கள். அடியிலிருந்த சுத்தமான மண் மேலே வந்து கலந்துவிடும். ஒரு வருடம் கழித்து மறுபடி மேல் மண்ணை எடுத்தால் அளவு பாதியாகக் குறைந்திருக்கும். குரோமியம் எங்கும் போகவில்லை, பரவியிருக்கிறது. அப்படி ஓர் அறிக்கையை நம்பிக் கீரை போட்ட குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். அறிக்கை கொடுத்தவரும் நாற்று விற்றவரும் ஒரே ஆள்.

உங்கள் நெல் தூர் கட்டாததற்குக் காரணம் பெரும்பாலும் குரோமியமே இல்லை, உப்பு. பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் டேனரிக்கு வருகிறது. அந்த உப்பு கழுவின தண்ணீரோடு வயலுக்கு வந்திருக்கும். காய்ந்தால் மேலே வெள்ளையாகப் பூக்கிறதா? மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் நிற்கிறதா? அப்படியானால் ஜிப்சம், வடிகால், தக்கைப்பூண்டு வளர்த்து மடக்கி உழுவது என்று பழைய வழியே இருக்கிறது. ஒன்று மட்டும் முக்கியம்: உப்பை அடித்துப்போக நல்ல தண்ணீர் வேண்டும். உங்கள் கிணறே உப்பென்றால் மழைக்காலத்தை நம்பித்தான் செய்ய வேண்டும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விளக்கமாகச் சொல்ல வேண்டும். உங்களுக்கு இது பொருந்தாது என்றே நினைக்கிறேன், ஆனால் ராணிப்பேட்டைப் பக்கம் இருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள். குரோமியத்தில் இன்னொரு வகை உண்டு, ஆறு இணைதிறன் கொண்டது. அது தண்ணீரில் கரையும், புற்றுநோய் தரும். குரோமியத் தாதுவிலிருந்து ரசாயனம் தயாரித்து, 1990-களில் மூடப்பட்ட ஆலையின் கழிவு அங்கே மலையாகக் கிடந்ததே, அதில் இருந்தது இந்த வகைதான். கழிவுமேட்டின் பக்கம் மழைத் தண்ணீர் மஞ்சளாகத் தேங்கினால் அங்கே செடி நடும் பேச்சே வேண்டாம். கால் வைக்காதீர்கள், மாட்டை விடாதீர்கள், அந்தப் பக்கத்துக் கிணற்று நீரைக் குடிக்கவோ பாய்ச்சவோ செய்யாதீர்கள். தொழு உரம் இந்த வகையை மெல்ல மெல்லச் சாதுவான வகையாக மாற்றும் என்பது உண்மை. ஆனால் வயலில் கொஞ்சமாகக் கசிந்ததற்குத்தான் அது உதவும், கழிவுமேட்டுக்கு உதவாது. அதை அகற்றுவது அரசின் வேலை.

கெடுத்தவர்தான் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்று வேலூர் டேனரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. இத்தனை வருடம் கழித்து, நிலம் கெட்ட விவசாயி தன் கைக்காசில் நாற்று வாங்குகிறார். மண்வள அட்டையில் 12 விவரம் இருக்கிறது, குரோமியம் இல்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் கூடவா அதைச் சேர்க்க முடியாது? ஒரு விவசாயியோடு நானே மூன்று அலுவலகம் ஏறி இறங்கினேன். ஒவ்வொருவரும் அடுத்தவர் வாசலைக் காட்டினார்கள். இந்த இடைவெளியில்தான் தரகர்கள் நுழைகிறார்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. கால்வாயை ஒட்டி ஒன்று, நிலத்தின் மறுகோடியில் ஒன்று, கழிவுநீர் பாயாத பக்கத்து நிலத்தில் ஒன்று என மூன்று மாதிரி எடுங்கள். குரோமியம் எல்லா மண்ணிலும் இயற்கையாகவே கொஞ்சம் இருக்கும், ஒப்பிட்டால்தான் உங்கள் அளவு புரியும். ஒவ்வொன்றுக்கும் பத்து இடத்தில் வி வடிவில் 15 சென்டிமீட்டர் குழி வெட்டி, பக்கத்து மண்ணை மரக்குச்சியால் சுரண்டிப் பிளாஸ்டிக் வாளியில் சேருங்கள். எவர்சில்வர் கரண்டி, தட்டு வேண்டாம், அதிலேயே குரோமியம் இருக்கிறது. கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ வீதம் கட்டுங்கள். மொத்தக் குரோமியம், ஆறு இணைதிறன் குரோமியம், உப்பின் அளவு, சோடியம் நான்கையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் துறையில் கேட்டுப் பாருங்கள். மாதிரியை நீங்களே எடுத்து நீங்களே கொடுங்கள், நாற்று விற்பவரிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். முடிவு வரும்வரை கீரையும் கிழங்கும் போடாதீர்கள்.