வேன்னா வண்டி இல்லங்க, குழந்தை

கேள்வி: கிளாஸ்கோல ரெண்டு வருஷம் குழந்தைங்க வார்டுல நர்ஸா இருந்துட்டு இப்போ அபர்டீன் வந்திருக்கேன். பழக்கதோஷத்துல 'வேன் சாப்பிட்டுச்சா'ன்னு கேட்டா அம்மாங்க சிரிக்கிறாங்க. எதுதாங்க சரியான ஸ்காட்ஸ், அதான் இந்த ஸ்காட்லாந்து ஊர்மொழி? ஏஜென்ட் ஒருத்தர் காசு கட்டி சர்டிபிகேட் கோர்ஸ் சேரச் சொல்றார்.

பதில்: மொதல்ல அந்தக் காச கட்டாதீங்க. நர்ஸ் ரிஜிஸ்ட்ரேஷனுக்கு இங்கிலீஷ் டெஸ்ட்னா ஐஈஎல்டிஎஸ் இல்லன்னா ஓஈடி, ஸ்காட்ஸ் சர்டிபிகேட்ட யாரும் கேக்கப் போறதில்ல. பரிட்சைல பொதுவான இங்கிலீஷ கேக்க வச்சு பாஸ் போட்டுட்டு நேரா இந்த வார்டுல கொண்டுவந்து விடுறாங்க பாருங்க, அத நெனச்சாதான் எரிச்சலா வருது, அந்த எடைவெளிலதான் இந்த ஏஜென்ட்டுங்க கடை போடுறாங்க.

நீங்க சொன்னது தப்பில்ல, ஊர்தான் மாறிடுச்சு. வேன்ங்கறது 'வீ ஏன்', அதாவது சின்னது, ரெண்டும் ஒட்டி வந்தது. கிளாஸ்கோ, அயர்ஷைர்னு மேற்குப் பக்கம் ஓடும். கிழக்க எடின்பரோ, டண்டீ, வடக்க உங்க அபர்டீன் எல்லாம் பேர்ன்தான். ஃபைல்ல யாராச்சும் வேன்னு எழுதியிருந்தா மட்டும் ஜாக்கிரதை, தாய்ப்பால் மறக்கடிக்கிறதுக்கான இங்கிலீஷ் வார்த்தைக்கும் அதே ஸ்பெல்லிங் (wean), உச்சரிப்புதான் 'வீன்'.

அபர்டீன்ல இன்னும் ரெண்டு இருக்கு, பையன்னா லூன், பொண்ணுன்னா க்வைன். 'மை லூன்'னு அம்மா சொன்னா இங்கிலீஷ்ல இருக்கற லூன் மாதிரி புள்ளைய பைத்தியம்னு திட்டல. வயசான பாட்டியையும் க்வைன்னு கூப்பிடுவாங்க. 'ஃபிட் லைக்'னா எப்படி இருக்கீங்க, ஃபிட்டா இருக்கேன்னு சொல்றாங்கன்னு சார்ட்ல எழுதிடாதீங்க, அந்தப் பக்கம் 'வாட்'தான் 'ஃபிட்' ஆகுது.

பேர்ன்னா கொழந்தைதான்ங்கறதுக்கு ஒரு விதிவிலக்கு, ஃபால்கர்க். அந்த ஊர் ஃபுட்பால் டீமுக்கே 'தி பேர்ன்ஸ்'னுதான் பேர், ஊர்க்காரங்களும் தங்கள அப்படித்தான் சொல்லிக்குவாங்க, அதனால எழுபது வயசு தாத்தா வந்து நான் ஃபால்கர்க் பேர்ன்னு சொன்னா அவர் சொல்றது ஊர்க்காரங்க பட்டப்பேரு, கொழந்தைங்க வார்டுக்கு அனுப்பிடாதீங்க!

சந்தேகம்னா 'டிக்ஷனரீஸ் ஆஃப் தி ஸ்காட்ஸ் லாங்வேஜ்' சைட் இலவசம், வார்த்தைய தட்டினா எந்தெந்த மாவட்டத்துல புழங்குதுன்னு சுருக்கெழுத்துல போட்டிருப்பான். வேற எங்க படிச்சாலும் உஷார், ஸ்காட்ஸ் விக்கிபீடியாவுல ஆயிரக்கணக்கான கட்டுரைய அந்த மொழியே தெரியாத ஒரு அமெரிக்கப் பையன் எழுதியிருந்தது 2020லதான் வெளிய வந்துச்சு. ஏஜென்ட் குடுக்கற பிடிஎஃப் எங்கேர்ந்து காப்பி அடிச்சதோ. அட்வான்ஸ் குடுத்திருந்தா இன்னைக்கே திருப்பிக் கேளுங்க.