முன்பல்லா கடைவாய்ப்பல்லா: யார் முடிவு செய்வது?

கேள்வி: கருவில் ஒரே மாதிரி இருக்கும் செல்களில் எது எனாமல் (பல்லின் கடினமான மேலுறை), எது டென்டின் (எனாமலுக்கு அடியிலுள்ள பகுதி), எது முன்பல், எது கடைவாய்ப்பல் என்று எப்படிப் பிரிகிறது?

எந்தச் செல்லும் தனியாக முடிவெடுப்பதில்லை. வாயின் உள்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் எபித்தீலியம், அதற்கு அடியில் இருக்கும் மீசன்கைம் என்ற இரண்டு திசுக்களுக்கும் இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கல்தான் பல்.

கரு ஆறு வாரமாக இருக்கையில் முதலில் பேசத் தொடங்குவது எபித்தீலியம். அது அனுப்பும் எஃப்ஜிஎஃப்8, பிஎம்பி4 புரதங்களால் கீழே மீசன்கைமில் எம்எஸ்எக்ஸ்1, பாக்ஸ்9 மரபணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. (பிறவியிலேயே பல பற்கள் முளைக்காத சில குடும்பங்களில் பழுது இந்த இரண்டில் ஒன்றில்தான்.) அப்புறம் அதிகாரம் கைமாறிவிடுகிறது. 1969, 1970 வாக்கில் கோலர், பேர்ட் என்ற ஆய்வாளர்கள் எலிக் கருவில் செய்து பார்த்தது எனக்கு இன்றும் அலுக்காத சோதனை. கடைவாய்ப்பல்லின் மீசன்கைமோடு முன்பல்லின் எபித்தீலியத்தைச் சேர்த்து வளர்த்தார்கள், வந்தது கடைவாய்ப்பல். பாதத் தோலின் எபித்தீலியத்தை வைத்தாலும் பல்லே வந்தது! ஆக, அந்தக் கட்டத்தில் வடிவத்தைச் சொல்வது மீசன்கைம்.

அடுத்ததும் இப்படித்தான், மாறி மாறி. எபித்தீலியத்தின் தூண்டுதலில் மீசன்கைமின் ஓரச் செல்கள் ஓடன்டோபிளாஸ்ட்டாகி டென்டினை இடுகின்றன. டென்டின் வந்த பிறகுதான் எதிர்ப்பக்க எபித்தீலியச் செல்கள் அமிலோபிளாஸ்ட்டாக முதிர்ந்து எனாமலைச் சுரக்கும். பல் முளைத்து வெளியே வரும்போது அமிலோபிளாஸ்ட்டுகள் அழிந்துபோகும். எனாமல் திரும்ப வளராததற்குக் காரணம் இதுதான். ஓடன்டோபிளாஸ்ட் பல்லுக்குள்ளேயே உயிரோடு இருப்பதால் டென்டின் மட்டும் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்.

நான் பல் மருத்துவம் பார்ப்பது சேலத்தில். தர்மபுரிப் பக்கமிருந்து பிள்ளைகளைக் கூட்டி வரும் அம்மாக்கள், "நல்லாத்தானுங்க டாக்டர் வெளக்குறான், இந்தக் கறை போகவே மாட்டேங்குது" என்பார்கள். முன்பற்களில் குறுக்கே சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைக் கோடு, நடுவில் பழுப்புத் திட்டு. விளக்கி என்ன பயன்? ஈறுக்குள் எனாமல் முதிரும்போதே, குடிதண்ணீரிலிருந்த அதிக ஃபுளோரைடு அமிலோபிளாஸ்ட்டின் வேலையைக் கெடுத்துவிட்டது. நிரந்தர முன்பல்லின் எனாமல் பிறந்த சில மாதங்களில் தொடங்கி நான்கைந்து வயதுக்குள் முடிந்துவிடும். வளர்ந்தபின் அந்த ஊருக்குக் குடிபோகிறவருக்கு இந்தக் கறை வராது.

வீட்டில் சிறு குழந்தை இருந்தால் போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்துக்கு 1.5 வரை விதி அனுமதிக்கிறது. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது.