பதில்: புது டயர் போட்டதும் பி.எம்.டபிள்யூ. இசட்4 கார் பின்னால வழுக்குது

தம்பி, நாலு டயரும் மாத்திட்டு தக்கலை போற வழியில ஒரு வளைவுல பின்பக்கம் லேசா வழுக்குச்சு, ஸ்டியரிங்கும் கொழகொழன்னு இருக்குன்னு எழுதியிருக்கீங்க, அதுக்காக டயர் மோசம்னு இப்பவே முடிவு பண்ணிராதீங்க. டயர வார்க்குற அச்சுல ஒட்டாம வரணும்னு தடவுற பூச்சோட மிச்சம் கொஞ்ச நாள் மேல இருக்கும், ரிம்முல ஏத்த தடவுன பேஸ்ட்டும் காயணும், அதனால முதல் நாள் படார்னு பிரேக் பிடிச்சா ரிம்முக்குள்ளயே டயர் நகர சான்ஸ் இருக்கு, பேலன்ஸ் போயிரும்.

கொழகொழப்பு வேற விஷயம். டயர் மேல இருக்க ரப்பர் கட்டைங்க உயரம் பழசுல தேஞ்சு 2, 3 மி.மீ.தான் இருந்திருக்கும், புதுசுல 7 மி.மீ.க்கு மேல, உயரமான புது அழிரப்பர் வளையுத மாதிரி அந்தக் கட்டையெல்லாம் வளையுது, தேயத் தேய ஸ்டியரிங் கூர்மையாவும்.

ஒரு 300லருந்து 500 கிலோமீட்டர் வரைக்கும் நிதானமா ஓட்டுங்க. பின்வீல் தள்ளுற வண்டி, நமக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, ஈர ரோட்டுல ஆக்சிலேட்டர தொட்டுத் தொட்டுதான் குடுக்கணும், தயவுசெஞ்சு இதுல விளையாடாதீங்க. காத்தாலைங்க நிறைஞ்ச முப்பந்தல் பக்கம் காத்து அடிக்கும்போது டெஸ்ட் பண்ணாதீங்க, காத்து தள்ளுறதா டயர் அலையுதான்னு தெரியாது.

காலையில டயர் சூடாகும் முன்னாடி, கதவு ஓரத்து ஸ்டிக்கர்ல போட்டிருக்க அளவுக்கு காத்து பாருங்க. வீல் போல்ட்டையும் 100 கிலோமீட்டருக்குள்ள இறுக்கத்த அளந்து முடுக்குற டார்க் ரெஞ்சு வச்சு செக் பண்ணச் சொல்லுங்க. அப்புறமும் ஒருபக்கமா இழுத்தா வீலுங்க நேரா நிக்குதான்னு அலைன்மென்ட்தான் பாக்கணும்.